லேசான பக்கவாதம்: வீட்டுக்கு வந்த பின் முதல் 90 நாட்கள்

(நமது அறக்கட்டளை நடத்திய மருத்துவ ஆலோசனைக் கூட்டத்தில், வீடு வீடாகச் சென்று பயிற்சி அளித்துவரும் இயன்முறை மருத்துவர் ஒருவர் ஆற்றிய உரை)

பிஸ்மில்லாஹிர் ரஹ்மானிர் ரஹீம்.

 

இங்கே வந்திருப்பவர்களில் பாதிப் பேர் நோயாளிகள். மீதிப் பேர் நோயாளியைக் கையைப் பிடித்து அழைத்து வந்தவர்கள். இரண்டு பேருக்கும் சேர்த்தே பேசுகிறேன். உண்மையில் அழைத்து வந்தவர்களுக்குத்தான் சொல்ல வேண்டியது கொஞ்சம் அதிகமாக இருக்கிறது.

பக்கவாதம் என்றால் மூளைக்குப் போகும் இரத்தம் தடைபடுவது. பெரும்பாலும் இரத்தக் குழாயில் கட்டி அடைத்துக்கொள்வதால் வருகிறது. சிலருக்குக் குழாய் வெடித்துக் கசிவதால் வருகிறது. பாதிப்பு குறைவாக இருந்து, பத்துப் பதினைந்து நாளில் நடந்து, பேசி, தானே சாப்பிடும் அளவுக்கு வந்துவிட்டால் அதை லேசான பக்கவாதம் என்கிறோம். இன்னும் சிலருக்கு வாய் கோணுகிறது, கை மரத்துப்போகிறது. அரை மணி, ஒரு மணி நேரத்தில் எல்லாம் சரியாகிவிடுகிறது. அதுவும் இதே குடும்பம்தான். அதையும் அலட்சியம் செய்யக் கூடாது.

இந்த ‘லேசான’ என்ற சொல்தான் எனக்குப் பயமாக இருக்கிறது. டாக்டர் அதை ஆறுதலுக்காகச் சொல்கிறார். வீட்டுக்கு வந்ததும் அது ‘ஒன்றுமில்லை’ என்று மாறிவிடுகிறது. பார்க்க வருகிறவர்களும், “மாஷா அல்லாஹ், நல்லாத்தானே இருக்கீங்க காக்கா!” என்கிறார்கள். அவருக்கும் அது பிடித்துப்போகிறது.

ஆனால் உள்ளே நடப்பது என்ன? முதல் மூன்று மாதங்களில் இரண்டு காரியங்கள் ஒரே நேரத்தில் நடக்கின்றன. மறுபடியும் அடைப்பு வரும் ஆபத்து இந்தக் காலத்தில்தான் அதிகம். அதிலும் முதல் சில நாட்களில் மிக அதிகம். அதே சமயம், இழந்த வேலையை மூளை வேகமாகத் திரும்பக் கற்றுக்கொள்வதும் இந்தக் காலத்தில்தான். பாதிக்கப்பட்ட பகுதி செய்துவந்த வேலையைப் பக்கத்துப் பகுதிகள் ஏற்றுக்கொள்ளப் பழகுகின்றன. ஆபத்தும் வாய்ப்பும் ஒரே 90 நாளில் கூடி வருகின்றன. அதன் பிறகு முன்னேற்றம் நின்றுவிடும் என்று அர்த்தமில்லை. ஒரு வருடம் கழித்து விரல் திரும்பியவர்களும் உண்டு. ஆனால் இந்த வேகம் அப்போது இருக்காது.

எனவே இன்று நான் சொல்லப்போவது இரண்டே விஷயம்தான். ஒன்று, இன்னொரு அடைப்பு வராமல் காத்துக்கொள்வது. மற்றொன்று, கைகாலுக்கு வேலை கொடுப்பது. இரண்டையும் ஆஸ்பத்திரி செய்ய முடியாது. நோயாளியும் வீட்டாரும்தான் செய்ய வேண்டும்.

மாத்திரை நிறுத்திய கதை

வளைகுடாவில் பல வருடம் உழைத்துவிட்டு ஊர் திரும்பிய ஒருவர். வயது ஐம்பத்தைந்து இருக்கும். ஒருநாள் ஃபஜ்ருக்கு எழுந்தபோது வலது கையில் பலமில்லை; செருப்பு காலில் நிற்கவில்லை. உடனே கொண்டுபோனார்கள். ஒரு வாரத்தில் நடந்தே வீட்டுக்கு வந்தார். இரண்டு மாதம் மாத்திரை சாப்பிட்டார். பிரஷர் பார்த்தார், 120 காட்டியது. “பிரஷர்தான் நார்மலாகிவிட்டதே, இனி எதற்கு மாத்திரை?” என்று எல்லாவற்றையும் நிறுத்திவிட்டார். மாத்திரை சாப்பிட்டதால்தான் அது 120 என்பதை அவருக்கு யாரும் சொல்லவில்லை. ஐந்தாவது மாதம் இரண்டாவது தாக்குதல் வந்தது. இப்போது நான் போய்ப் பயிற்சி கொடுப்பது அவருக்குத்தான். இந்த முறை அது லேசானதாக இல்லை.

இதில் ஒரு நுணுக்கம் இருக்கிறது. லேசான அடைப்பு வந்தவர்களுக்கு, இரத்தம் கட்டாமல் இருக்க இரண்டு மாத்திரைகளைச் சில வாரங்களுக்குச் சேர்த்துக் கொடுத்து, பிறகு ஒன்றை மட்டும் தொடரச் சொல்வது வழக்கம். வீட்டில் என்ன நடக்கிறது? சிலர் இரண்டையும் நிறுத்திவிடுகிறார்கள். சிலர் பழைய சீட்டைக் காட்டி இரண்டையும் மாதக்கணக்கில் வாங்கிச் சாப்பிடுகிறார்கள். நிறுத்தினால் அடைப்பு வரலாம். தேவைக்கு மேல் தொடர்ந்தால் இரத்தக் கசிவு வரலாம். “எது எத்தனை நாள்?” என்று டாக்டரிடம் கேட்டு, சீட்டிலேயே எழுதி வாங்குங்கள்.

அடுத்தவர் மாத்திரையை வாங்கிச் சாப்பிடாதீர்கள். அடைப்பு வந்தவருக்கு உயிர் காக்கும் மருந்து, கசிவு வந்தவருக்கு ஆபத்தாக முடியும். மச்சானுக்குக் கொடுத்தது நமக்கும் ஒத்துவரும் என்பது இந்த நோயில் செல்லாது.

கொழுப்பு மாத்திரையும் அப்படித்தான். “கொலஸ்ட்ரால் குறைந்துவிட்டது, நிறுத்திவிட்டேன்” என்பார்கள். பக்கவாதம் வந்தவர்களில் பலருக்குக் கெட்ட கொழுப்பு 70-க்குக் கீழே இருக்க வேண்டும் என்று மருத்துவர்கள் பார்க்கிறார்கள். சாதாரண ஆளுக்கு உள்ள கணக்கு வேறு, நமக்குள்ள கணக்கு வேறு.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். கை விழுந்துவிட்டது என்றதும் புறா இரத்தம் தடவச் சொல்வார்கள். இரத்தம் நஜீஸ் என்பது நமக்குத் தெரியும். அதற்கு மருத்துவப் பயனும் கிடையாது. கண்ணேறு என்று சொல்லி ஓதிப் பார்க்கப் போகிறவர்களும் உண்டு. துஆ செய்யுங்கள், அதை யாரும் தடுக்கவில்லை. ஆனால் ஓதிவிட்டுப் பிறகு ஆஸ்பத்திரிக்குப் போகலாம் என்று நேரத்தைக் கழிக்காதீர்கள். துஆவை வண்டியில் போகும்போதே கேட்கலாம்.

ஒரு நோட்டுப் புத்தகம்

வீட்டில் பிரஷர் பார்க்கும் கருவி ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள். கையில் சுற்றும் வகையே நல்லது. ஐந்து நிமிடம் அமைதியாக உட்கார்ந்து, முதுகைச் சாய்த்து, கையை நெஞ்சு மட்டத்தில் மேசைமேல் வைத்துப் பாருங்கள். தேநீர் குடித்த உடனேயோ, மாடிப்படி ஏறி வந்த உடனேயோ பார்க்காதீர்கள். காலை ஒரு தடவை, மாலை ஒரு தடவை, நோட்டில் தேதி போட்டு எழுதுங்கள். பெரும்பாலானவர்களுக்கு 130/80-க்குக் கீழே வைத்திருப்பதுதான் இலக்கு. உங்களுக்கு எவ்வளவு என்று டாக்டரிடம் கேட்டு முதல் பக்கத்திலேயே எழுதிவையுங்கள். சர்க்கரை உள்ளவர்கள் அதையும் எழுதுங்கள். அடுத்த முறை டாக்டரிடம் போகும்போது இந்த நோட்டை நீட்டினால் போதும். ஐந்து நிமிடத்தில் அவருக்கு எல்லாம் தெரிந்துவிடும்.

உணவில் முதல் எதிரி உப்பு. ஒரு நாளைக்கு மொத்தம் 5 கிராமுக்குக் கீழே என்பது உலக சுகாதார நிறுவனத்தின் அளவு. ஒரு தேக்கரண்டிதான். குழம்பில் போடுவது மட்டும் கணக்கில்லை. கருவாடு, மாசி, ஊறுகாய், அப்பளம், பேக்கரி பிஸ்கட் எல்லாம் கணக்கில் சேரும். கடற்கரை ஊர்க்காரர்கள் நாம். கருவாட்டை விடச் சொன்னால் மனம் வராது. தினமும் தட்டில் வைத்த வழக்கத்தையாவது விடுங்கள். பிரியாணியும் நெய்ச்சோறும் விருந்துக்கு உரியவை, வாரம் முழுவதற்கும் உரியவை அல்ல. மீன் சாப்பிடுங்கள், பொரிப்பதைவிடக் குழம்பாகச் சாப்பிடுங்கள்.

பீடி, சிகரெட், புகையிலை போட்ட வெற்றிலை எதுவானாலும் இன்றோடு விட்டுவிடுங்கள். ‘குறைத்துவிட்டேன்’ என்ற பதில் இதில் போதாது.

அன்பு கையைக் கட்டிப்போடும்

இப்போது வீட்டாருக்கு வருகிறேன்.

ஒரு தாயாரின் வீட்டுக்குப் போயிருந்தேன். இடது கையில் லேசான பலவீனம். மூன்று மருமகள்கள், தங்கமானவர்கள். உம்மா கட்டிலை விட்டு இறங்க விடவில்லை. சாப்பாடு ஊட்டினார்கள். தலை வாரிவிட்டார்கள். தண்ணீர் டம்ளரை வாயருகே கொண்டுபோனார்கள். ஒரு மாதத்தில் அந்தக் கை முன்பு இருந்ததைவிட மோசமாகி, தோள் இறுகி, விரல் மடங்கத் தொடங்கியிருந்தது. கை கெட்டது நோயினால் பாதி, அன்பினால் பாதி.

நான் ஒரு தட்டில் சின்ன வெங்காயத்தைக் கொடுத்து, “உம்மா, உரித்துக் கொடுங்கள்” என்றேன். மருமகள்கள் திகைத்துப்போனார்கள். முதல் நாள் நான்கு வெங்காயம் உரிக்க அரை மணி நேரமானது. அந்த நான்கையும் குழம்பில் போடச் சொன்னேன். அதுதான் முக்கியம். அவர் வேலை வீட்டுக்குப் பயன்பட வேண்டும். இரண்டு மாதம் கழித்துப் போனபோது, ஒரு கிலோவையும் உரித்துவிட்டு, “இன்னும் இருக்கா?” என்று கேட்டார்.

மூளை கற்றுக்கொள்வது திரும்பத் திரும்பச் செய்வதால்தான். அதிலும் அர்த்தமுள்ள வேலையைச் செய்வதால்தான். சட்டைப் பொத்தான் போடுவது, துண்டைப் பிழிவது, பருப்பில் கல் பொறுக்குவது, டப்பா மூடியைத் திறப்பது, கைலியை மடிப்பது எல்லாம் பயிற்சிதான். நிறையப் பேர் பந்து ஒன்றை வாங்கி அமுக்கிக்கொண்டே இருக்கிறார்கள். அது விரலை மூடும் பயிற்சி மட்டும். விரலைத் திறந்து ஒரு பொருளை எடுப்பதும், விடுவதும் பழக வேண்டும்.

காலுக்கு எளிய பயிற்சி ஒன்று சொல்கிறேன். கைப்பிடியுள்ள கனமான நாற்காலியைச் சுவரோடு சேர்த்துப் போடுங்கள். உட்கார்ந்து எழுந்திருங்கள். பக்கத்தில் ஒருவர் நிற்கட்டும். முதலில் ஐந்து தடவை, பிறகு பத்து. காலை, பகல், மாலை. தெருவில் நடக்கும் தைரியம் வந்ததும் பத்துப் பத்து நிமிடமாக நடந்து, டாக்டர் அனுமதித்தால் வாரத்துக்கு 150 நிமிடம் என்ற அளவுக்கு மெல்ல மெல்லக் கூட்டுங்கள். நெஞ்சு வலித்தாலோ தலை சுற்றினாலோ அங்கேயே நிறுத்திவிடுங்கள். பைக் ஓட்டுவது டாக்டர் சொன்ன பிறகுதான்.

கவனிக்க வேண்டியவை மூன்று. பலவீனமான கையைப் பிடித்து இழுத்துத் தூக்காதீர்கள். தோள் மூட்டு நழுவிவிடும், இடுப்பைத் தாங்கித் தூக்குங்கள். உணர்ச்சி குறைந்த கையால் சூடான சட்டியைத் தொடவிடாதீர்கள், சுட்டது தெரியாது. தண்ணீர் குடிக்கும்போது இருமினாலோ, குரல் கரகரத்தாலோ, விழுங்குவதில் கோளாறு இருக்கலாம். நிமிர்ந்து உட்காரவைத்துக் கொடுங்கள், டாக்டரிடம் உடனே சொல்லுங்கள்.

வீட்டாருக்கு என் வேண்டுகோள் ஒன்றுதான்: அவர் செய்ய முயலும்போது உங்கள் கையைப் பின்னால் கட்டிக்கொள்ளுங்கள். அவருக்கு நேரம் கொடுங்கள். விழாமல் பார்த்துக்கொள்ளுங்கள். செய்துகொடுக்காதீர்கள்.

இபாதத்தும் பயிற்சியும்

நோயாளிகள் என்னிடம் அதிகம் வருந்துவது நடக்க முடியவில்லையே என்பதற்கல்ல. தொழ முடியவில்லையே என்பதற்குத்தான். நிற்க முடியாதவர் உட்கார்ந்து தொழலாம், அதுவும் முடியாதவர் படுத்தும் தொழலாம் என்று மார்க்கம் இலேசாக்கியிருக்கிறது. சஜ்தாவிலிருந்து எழும்போது தடுமாறுகிறவர்கள் வீம்புக்கு நிற்காதீர்கள், நாற்காலியில் தொழுங்கள். விவரங்களை நம் ஹஜ்ரத்திடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

ஒளுச் செய்யும்போது வழுக்கும் ஹவுள் ஓரத்தில் குந்தாதீர்கள். வீட்டுக் குழாயடியில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து செய்யுங்கள். நல்ல கையால் பலவீனமான கையைத் தேய்த்துக் கழுவுங்கள். பிறகு பலவீனமான கையைக் கொண்டு நல்ல கையைக் கழுவ முயலுங்கள். ஐந்து வேளையும் ஐந்து பயிற்சி கிடைத்துவிடும்.

தஸ்பீஹும் அப்படித்தான். தொழுகைக்குப் பிறகு வலது கைக் கட்டைவிரலால் மற்ற விரல்களின் கணுக்களைத் தொட்டு எண்ணுவது நம் வழக்கம். கட்டைவிரலை ஒவ்வொரு விரலாகத் தொடச் சொல்வது நாங்கள் கொடுக்கும் பயிற்சிகளில் ஒன்று. வலது கை பாதித்தவர்கள் வெட்கப்பட்டு, பொத்தானை அழுத்தி எண்ணும் கருவிக்குப் போய்விடுகிறார்கள். போகாதீர்கள். எண்ணிக்கை மெல்லப் போகட்டும். விரலாலேயே எண்ணுங்கள்.

நோன்பைப் பற்றி ஒரு வார்த்தை. ரமலான் பிறந்த பிறகு யோசிக்காதீர்கள். ஷஅபானிலேயே டாக்டரைப் பாருங்கள். சிலருக்கு மாத்திரை நேரத்தை ஸஹருக்கும் இஃப்தாருக்கும் மாற்றித் தர முடியும். சிலருக்கு, குறிப்பாக இன்சுலின் போடுபவர்களுக்கும், அண்மையில் தாக்குதல் வந்தவர்களுக்கும், வேண்டாம் என்பார். நோயாளிக்குச் சலுகை உண்டு. பின்னால் களாச் செய்வதா, ஃபித்யா கொடுப்பதா என்பதை ஆலிம்கள் சொல்வார்கள். ‘நோன்பு வைக்கிறேன், மாத்திரையை மட்டும் ஒரு மாதம் விட்டுவிடுகிறேன்’ என்று நீங்களாக முடிவெடுப்பதுதான் கூடாது.

கண்ணுக்குத் தெரியாத பாதிப்பு

சிலருக்குக் கைகால் நன்றாக இருக்கும், சொல் வராது. ஃபாத்திஹா சூராவைத் தடங்கலின்றி ஓதுகிறவர், ‘தண்ணீர்’ என்று கேட்க முடியாமல் தவிப்பார். “ஓத வருகிறது, பேச வரவில்லையா? நடிக்கிறார்” என்று வீட்டில் சொல்வதைக் கேட்டிருக்கிறேன். நடிப்பல்ல. மனப்பாடமாகப் பழகியதும், புதிதாகச் சொல்லைத் தேடிப் பேசுவதும் மூளைக்கு வெவ்வேறு வேலைகள். ஓதுவதை ஊக்கப்படுத்துங்கள். கேள்வியைச் சுருக்கமாகக் கேளுங்கள், பதிலுக்குக் காத்திருங்கள். அவர் வாக்கியத்தை நீங்கள் முடித்துவைக்காதீர்கள்.

இன்னொன்று களைப்பு. பத்து நிமிடம் பேசினாலே படுக்க வேண்டும் போல் இருக்கும். சோம்பல் என்று நினைக்காதீர்கள், மூளை பழுதுபார்த்துக்கொண்டிருக்கிறது. கடினமான வேலையைக் காலையில் வைத்துக்கொண்டு, நடுவே ஓய்வெடுங்கள். பார்க்க வருகிறவர்களும் பத்து நிமிடத்தில் ஸலாம் சொல்லிக் கிளம்புவது நல்லது.

மூன்றாவது, மனம். பக்கவாதம் வந்தவர்களில் ஏறக்குறைய மூன்றில் ஒருவருக்கு மனச்சோர்வு வருகிறது. தூக்கம் போய்விடும், எதிலும் நாட்டம் இருக்காது, காரணமில்லாமல் அழுகை வரும். “ஈமான் குறைந்துவிட்டதோ” என்று அவரே பயப்படுவார். ஈமானின் குறையல்ல, சிகிச்சையுள்ள நோய். பிரஷரைச் சொல்வது போலவே இதையும் டாக்டரிடம் சொல்லுங்கள்.

மறுபடி வந்தால்

எவ்வளவு கவனமாக இருந்தாலும் அறிகுறிகளை வீட்டில் எல்லாருக்கும், பத்து வயதுப் பிள்ளைக்கும் சொல்லிவையுங்கள். சிரிக்கச் சொன்னால் முகம் ஒரு பக்கம் கோணுகிறதா? இரண்டு கையையும் தூக்கச் சொன்னால் ஒன்று கீழே இறங்குகிறதா? பேச்சு குழறுகிறதா? திடீரென்று பார்வை மங்கலோ, நடையில் தள்ளாட்டமோ இருக்கிறதா? ஒன்று இருந்தாலும் 108-க்கு அழையுங்கள். எத்தனை மணிக்குத் தொடங்கியது என்று பாருங்கள். கட்டியைக் கரைக்கும் ஊசியைப் பொதுவாக நாலரை மணி நேரத்துக்குள் போட்டாக வேண்டும். எவ்வளவு சீக்கிரமோ அவ்வளவு நல்லது. ஸ்கேன் வசதியுள்ள ஆஸ்பத்திரிக்கே போக வேண்டும். வாயில் தண்ணீரோ மாத்திரையோ கொடுக்காதீர்கள். அடைப்பா கசிவா என்று ஸ்கேன் பார்க்காமல் யாருக்கும் தெரியாது. அரை மணியில் தானாகச் சரியாகிவிட்டாலும் போயே தீர வேண்டும்.

பயிற்சிக்குச் செலவு செய்ய முடியவில்லை என்று யாரும் வீட்டில் இருந்துவிட வேண்டாம். 2021 ஆகஸ்டில் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில், பிரஷர், சர்க்கரை மாத்திரைகளை வீட்டுக்கே கொண்டுவந்து தருகிறார்கள். தேவைப்படுகிறவர்களுக்கு இயன்முறைப் பயிற்சியும் வீட்டிலேயே கொடுக்கிறார்கள். உங்கள் பகுதி ஆரம்ப சுகாதார நிலையத்தில் பெயரைப் பதிவு செய்யுங்கள். தயக்கமாக இருந்தால் அறக்கட்டளைத் தம்பிகளிடம் சொல்லுங்கள், கூட வருவார்கள்.

முடிக்கிறேன். இங்கிருந்து போனதும் மூன்று காரியம் செய்யுங்கள். நோட்டு ஒன்று வாங்கி இன்றைய பிரஷரை எழுதுங்கள். மாத்திரைச் சீட்டை எடுத்து எது எத்தனை நாள் என்று தெரியாதவற்றுக்குக் கோடு போடுங்கள். மூன்றாவது வீட்டாருக்கு: இன்றைக்கு இரவுச் சாப்பாட்டை அவர் கையாலேயே சாப்பிட விடுங்கள். சோறு சிந்தும். சிந்தட்டும். துடைத்துக்கொள்ளலாம்.

நோயைத் தந்தவனும் அவனே, ஷிஃபாவைத் தருபவனும் அவனே. நம்மால் ஆன முயற்சியை நாம் செய்துவிட்டு அவனிடம் கேட்போம். வல்ல அல்லாஹ் உங்கள் எல்லாருக்கும் பூரண ஆரோக்கியத்தையும், உங்களைக் கவனித்துக்கொள்ளும் பிள்ளைகளுக்குப் பொறுமையையும் நற்கூலியையும் தந்தருள்வானாக. ஆமீன்.

வஸ்ஸலாமு அலைக்கும் வரஹ்மத்துல்லாஹி வபரக்காத்துஹு.